பள்ளத்தாக்கின் பெயர் ஒட்டிய போத்தல்கள்

1

போன வெள்ளிக்கிழமை அரசாங்கக் கடிதம் ஒன்று வந்தது. மூன்றே வரி. விசாரணை முடிந்தது, என்மீது நடவடிக்கை எதுவும் இல்லை, கோப்பு மூடப்படுகிறது. வாசலில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்று நான்கு தரம் வாசித்தேன். அந்தப் போத்தல்களின் கதை தொடங்கி அன்றோடு ஏறக்குறைய ஒரு வருடம்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதுவதற்கு முன்னர் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ஐந்து வருடமாகக் கஞ்சா பொதி செய்யும் இடத்தில் வேலை செய்தேன். கோயிலில் கேட்டவர்களுக்கு 'மருந்துக் கொம்பனி' என்று சொல்லி வைத்திருந்தேன். மன்னார்ப் பக்கம் பேசாலையில் இருக்கும் என் தங்கைக்கும் அதையே சொன்னேன். இங்கே கனடாவில் அது சட்டப்படியான தொழில். பால்மா விற்பதுபோலக் கடை வைத்து விற்கிறார்கள். ஆனாலும் அந்தச் சொல்லை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் தொலைபேசியில் உண்மையைச் சொன்ன அன்று அவள் கேட்டாள்.

"அக்கா, இஞ்சை கிழமைக்குக் கிழமை கரையில கேரளக் கஞ்சா பிடிபட்டதெண்டு பேப்பரில போடுறாங்கள். பக்கத்து வளவுப் பெடியனையும் பொலிஸ் பிடிச்சு மறியலில போட்டிருக்கு. நீ அதைப் போத்தல்ல அடைச்சு விக்கிறியோ?"

"நான் விக்கேல்லை. லேபிள் சரியோ எண்டு பாக்கிறன்."

"கேரளக் கஞ்சாவோ?"

இல்லை என்றேன். நாங்கள் ஒட்டிய பெயர் வேறு. அங்கே சரக்கு எந்த ஊர் என்பது பொலிஸ்காரனுக்குத்தான் தேவை. இங்கே விளைந்த ஊரின் பெயருக்குக் கூடுதல் விலை. அவளுக்கு இதை விளங்கப்படுத்த எனக்கே அப்போது முழுதாக விளங்கியிருக்கவில்லை.

2

அந்த வேலையை எனக்கு எடுத்துத் தந்தவர் யோகக்கா. ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில், ஒட்டி ஒட்டிக் கட்டிய எங்கள் ரவுன்ஹவுஸ் வரிசையில் நான்காவது வீடு. யாழ்ப்பாணத்து மனுசி, என்னைவிட எட்டு வயது மூப்பு. என் கணவர் இறந்து நான் வீட்டுக்குள்ளேயே கிடந்த காலத்தில் கதவைத் தட்டி, "எழும்பு பிள்ளை, குளிச்சிட்டு வா, ஒரு வேலை இருக்கு" என்று கூட்டிக்கொண்டு போனவர். அன்றிலிருந்து காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ். பக்கத்து நகரமான பிக்கரிங் எல்லையில் இறங்கிப் பத்து நிமிட நடை.

உள்ளே போனால் ஆஸ்பத்திரி மாதிரித்தான். தலைக்கு வலை, முகத்துக்கு மறைப்பு, கையுறை, வெள்ளை அங்கி. கமரா இல்லாத மூலை கிடையாது. யோகக்கா நிறுத்து நிரப்பும் இடத்தில் நிற்பார். நான் வரிசையின் கடைசியில். போத்தலின் மூடி இறுக்கமா, வரி முத்திரை இருக்கிறதா, மஞ்சள் எச்சரிக்கைக் கட்டம் சரியா என்று பார்த்து, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு தாளில் என் பெயரின் முதல் எழுத்துக்களைப் போட வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னர்தான் அந்தப் புது லேபிள் வந்தது. மேற்கே, பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு பள்ளத்தாக்கு. பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை, அந்தப் பெயர் பட்ட பாடு போதும். அங்கே தலைமுறையாக வெயிலில், வெறும் மண்ணில் கஞ்சா வளர்க்கும் சின்னச் சின்ன விவசாயிகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். தங்கள் மண்ணில் விளைந்ததற்கு மட்டும் தங்கள் பள்ளத்தாக்கின் பெயரைப் போட வேண்டும் என்பது அவர்கள் வைத்த ஒழுங்கு. அந்தப் பெயரைப் பாவிக்க எங்கள் கொம்பனி அவர்களுடன் ஒப்பந்தம் எழுதியிருந்தது. வாங்குகிறவர்களும் தேயிலைக்கு மலையைப் பார்ப்பதுபோல இதற்கும் மண்ணைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். பெயர் போட்ட போத்தல்கள் கடைகளில் நிற்கவில்லை, பறந்தன. எங்கள் இடத்தில் ஒரு வரிசை இரண்டானது. ஆட்கள் எடுத்தார்கள். யோகக்காவுக்கு நிரந்தர வேலையும் மருந்துக் காப்பீடும் கிடைத்தன. அவருடைய கணவர் சிறுநீரக நோயாளி. "இப்பதான் பிள்ளை நான் மூச்சு விடுறன்" என்றார் யோகக்கா அன்று, பஸ்ஸில்.

புது லேபிளோடு என்னுடைய தாளிலும் ஒரு புதுக் கட்டம் வந்தது. 'ஒரிஜின்' என்று தலைப்பு. யாரும் எனக்கு விளக்கம் சொல்லவில்லை. சட்டைக் கழுத்தில் எந்த நாட்டில் தைத்தது என்று போடுவார்களே, அதுபோலக் கனடாவில் விளைந்ததா என்று கேட்கிறார்கள் என நினைத்தேன். கனடாதானே. எழுத்தைப் போட்டேன். இந்த நாட்டில் இருபத்தாறு வருடம் இருந்தும், விளங்காத ஒன்றை இரண்டாம் முறை கேட்க எனக்கு இன்றைக்கும் வெட்கம்.

3

போன வருடம் ஆவணி மாதத்தில் என் மகள் ஷரன் வந்திருந்தாள். மிசிசாகாவில் ஒரு கந்தோரில் வேலை, அங்கேயே தனியாக இருக்கிறாள். முதலில் கிழமைக்கு ஒருதரம் வந்தாள், பிறகு மாதத்துக்கு ஒருதரம். வந்தாலும் கண் தொலைபேசியில்தான். அன்றும் சோற்றைப் பிசைந்துகொண்டே அதைத் தட்டிக்கொண்டிருந்தவள் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, லுக். இது உங்கட போத்தல்ல இருக்கிற பிளேஸ்தானே?"

காட்டுத்தீ. மலை முழுவதும் செம்மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. பள்ளத்தாக்கிலிருந்து சனங்களை வெளியேற்றிவிட்டார்கள். வயல்கள், கொட்டில்கள், வேலிகள் எல்லாம் சாம்பல். ஒரு மனிதர் கமராவைப் பார்த்து, இந்த வருடம் அறுவடை என்று ஒன்று இல்லை என்றார். நாய்க்குட்டியைச் சங்கிலியோடு பிடித்தபடி ஒரு கிழவி வீதியில் நின்றாள். தீக்கும் எனக்கும் ஆயிரக்கணக்கான மைல் இருந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுவது எப்படி என்று எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது, இனி இந்த வரிசை நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். நிற்கவில்லை. பழைய இருப்பு இருக்குமாக்கும் என்று என்னைச் சமாதானப்படுத்தினேன். புரட்டாதி போனது, ஐப்பசி போனது. பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன.

கார்த்திகை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு பெட்டியின் மூடியில் இருந்த தாள் கழன்று என் காலடியில் விழுந்தது. அது நான் பார்க்க வேண்டிய தாளல்ல. எடுத்து வைக்கக் குனிந்தபோது கண்ணில் பட்டது அறுவடைத் திகதி. ஐப்பசி மாதம். தீ எரிந்தது ஆவணியில்.

எரிந்த மண்ணில் இரண்டு மாதத்தில் எதை அறுத்தார்கள்?

கீழே விளைந்த இடத்தின் விலாசம் இருந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா அல்ல. ஒன்ராறியோவின் தெற்கே, லொறியில் நான்கு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஒரு கண்ணாடிக்கூடம். மின்குமிழ் வெளிச்சத்தில் வளர்ந்த பயிர்.

தாளை மடித்து அங்கிப் பைக்குள் வைத்தேன். மதிய இடைவேளையில், பழைய தாள்கள் கோர்த்து வைத்திருக்கும் கோப்பை அலுமாரியிலிருந்து எடுத்தேன். எனக்கு அதைப் பார்க்க உரிமை இருந்தது, இதுவரை ஒருநாளும் பார்த்ததில்லை. பின்னோக்கிப் புரட்டினேன். தீக்குப் பிறகு மட்டுமல்ல. அதற்கு முன்னரும், ஏறக்குறைய ஒரு வருடமாக, அதே கண்ணாடிக்கூடம். பதினேழு தொகுதி. ஒவ்வொன்றிலும் 'ஒரிஜின்' கட்டத்துக்குள் வட்டமாக, அழகாக, என்னுடைய எழுத்து.

அன்றுதான் அந்தச் சொல் அங்கே எதைக் குறிக்கிறது என்று எனக்கு விளங்கியது. நாட்டை அல்ல. மண்ணை.

4

மனேஜர் கெவினிடம் போனேன். கெவின் கெட்ட மனிதர் அல்ல. என் கணவரின் ஆண்டு நினைவுப் பூசைக்கு நான் கேளாமலே லீவு தந்தவர். நான் தாளை நீட்டியதும் அவர் முகத்தில் ஆச்சரியம் இருக்கவில்லை. அதுதான் என்னைத் தூக்கிப்போட்டது. தெரியாது என்று சொல்லுவார் என்று நம்பிக்கொண்டு போயிருந்தேன்.

"அதே விதைதான் றெஜினா" என்றார் ஆங்கிலத்தில், மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல. "அதே வகை. அங்கிருந்து வந்த செடியைத்தான் இங்கே வளர்க்கிறோம். பெயர் என்பது ஒரு விதமான சுவை. யாருக்கும் நஷ்டம் இல்லை."

"அங்கை விளையேல்லையே" என்றேன். தமிழில்தான் வாயில் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

"நீ நல்ல வேலைக்காரி. இந்த வரிசையை நம்பித்தான் இங்கே இத்தனை பேர் நிற்கிறார்கள். யோசித்துப் பார்" என்றார்.

அவருடைய அறைக் கண்ணாடிக்கு அப்பால் யோகக்கா குனிந்து நிறுத்துக்கொண்டு நின்றார். தலைவலைக்கு வெளியே ஒரு நரைமுடி. நான் வெளியே வந்து என் இடத்தில் நின்றேன். அந்தத் தொகுதிக்கு எழுத்துப் போடவில்லை. தலையிடி என்று சொல்லித் தாளை மற்றப் பெண்ணிடம் கொடுத்தேன். கையுறையைக் கழற்றி, அதன் உட்புறத்தில் தொகுதி எண்களில் சிலதை எழுதி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸில் யோகக்கா கேட்டார், "ஏன் முகம் செத்துப்போய் இருக்கு?"

"ஒண்டுமில்லை அக்கா."

இந்த ஒரு பதிலைத்தான் நான் ஒரு வருடமாகத் திருப்பித் திருப்பி நினைக்கிறேன்.

5

ஒவ்வொரு லேபிளிலும் அந்த விவசாயிகள் சங்கத்தின் தொலைபேசி எண் பொடி எழுத்தில் இருக்கும். எண்ணில் பிழை இல்லையா என்று பார்ப்பதும் என் வேலை. என் பிறந்தநாளைவிட அது எனக்கு நன்றாகப் பாடம். சனிக்கிழமை காலை தேத்தண்ணியை ஆறவிட்டு அந்த எண்ணை அழுத்தினேன்.

ஒரு வயதான பெண் எடுத்தார். பெயர் மார்கரெட். தீக்குப் பிறகு சகோதரி வீட்டில் இருக்கிறாராம், சங்கத்து அழைப்புகள் தனக்குத்தான் வருகின்றனவாம். பின்னால் ஒரு நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். உங்கள் பெயர் போட்ட போத்தல்கள் இங்கே நிரம்பிக்கொண்டிருக்கின்றன, ஆனால் சரக்கு உங்களுடையது அல்ல.

"இன்னுமா விற்கிறார்கள்?" என்றார்.

"ஒவ்வொரு நாளும்."

நாயை வெளியே விட்டுக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ஒன்றரை வருடமாக அவர்கள் எங்களிடம் ஒரு கிலோகூட வாங்கவில்லை" என்றார் மார்கரெட். "பள்ளத்தாக்குப் பெயருக்கு இனி மதிப்பு இல்லை, கடைக்காரர் கேட்பதில்லை, ஒப்பந்தம் முடிந்தது என்று கடிதம் போட்டார்கள். என் தம்பி அந்தக் கடிதத்தோடுதான் பாதி நிலத்தை விற்றான். தீ வருவதற்கு முன்னரே விற்றுவிட்டான்."

களவு ஒன்றைக் கண்டுபிடித்ததாகத்தான் நினைத்திருந்தேன். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரிடம் அது செல்லாக்காசு என்று சொல்லிவிட்டு, அதையே எடுத்து விற்பார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. அந்த ஒன்றரை வருடத்தில் யோகக்காவுக்கு வேலை நிரந்தரமானது. எனக்குச் சம்பளம் கூடியது. நத்தார்ப் பண்டிகைக்கு எல்லோருக்கும் கேக் தந்தார்கள்.

மார்கரெட் தொகுதி எண்களைக் கேட்டார். கையுறையை மேசையில் விரித்து வாசித்தேன். எண்ணுக்கு முன்னால் இருந்த எழுத்து விளங்கவில்லை என்று திரும்பக் கேட்டார். ஒரு எழுத்தை விளங்கப்படுத்த இங்குள்ளவர்கள் அதில் தொடங்கும் ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாம் சொல்வார்கள். அவசரத்தில் என் வாயில் வந்தது, "வி ஃபோர் வேளாங்கண்ணி."

"வி ஃபோர் எது?" என்றார்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவர் அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை நான் தொலைபேசியை வைக்கவில்லை.

6

மார்கரெட் கொடுத்த முறைப்பாட்டில் இரண்டு கிழமைக்குள் அரசாங்கப் பரிசோதகர்கள் வந்தார்கள். வரிசைகளை நிறுத்தி, அலுமாரிகளை முத்திரையிட்டார்கள். கொம்பனியின் சட்டத்தரணி முதல் நாளே எழுதிக் கொடுத்தது என்ன தெரியுமா? பிறப்பிடத்தைச் சரிபார்க்கும் பொறுப்பு வரிசைப் பரிசோதகருடையது, கையொப்பம் அவருடையது. அதாவது நான்.

என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஷரன் லீவு போட்டுவிட்டு வந்தாள். கந்தோர்ச் சட்டையோடு, தலையை இழுத்துக் கட்டி, என் பக்கத்தில் இருந்தாள். அவளுடைய தமிழ் ஓட்டைத் தமிழ்தான். ஆனாலும் அம்மா சொல்வதை நான்தான் ஆங்கிலத்தில் சொல்லுவேன் என்று பிடிவாதம்.

அதிகாரிப் பெண் கேட்டார்: அந்தக் கட்டத்துக்கு எழுத்துப் போட்டபோது என்ன நினைத்தீர்கள்?

நான் தமிழில் சொன்னேன், "கனடாவோ எண்டு கேக்கினம் எண்டு நினைச்சன். விளங்கேல்லை. ஒருத்தரையும் கேக்காமல் போட்டன்."

ஷரன் ஆங்கிலத்தில் சொன்னாள், அம்மாவுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை என்று.

அது பொய் இல்லை. ஆனால் நான் சொன்னது அதுவுமில்லை.

எனக்கு அந்த அறை மறந்து இன்னொரு அறை நினைவுக்கு வந்தது. இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய கிழமை, அகதி விசாரணை. பிறந்த இடம் கேட்டார்கள். பேசாலை, மன்னார் என்றேன். மொழிபெயர்க்க வந்த தமிழ் ஐயா யாழ்ப்பாணம் என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "அவைக்கு அதுதான் தெரியும் தங்கச்சி. பயப்பிடாதையும்" என்றார். நல்ல மனிதர், எனக்கு உதவித்தான் செய்தார். இன்றுவரை என்னுடைய பத்திரங்களில் நான் பிறக்காத ஊர் இருக்கிறது. திருத்தப் போனபோது, திருத்துவதற்குப் பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். அந்தப் பத்திரம் இடம்பெயர்வில் தொலைந்தது. விட்டுவிட்டேன்.

"இல்லை" என்றேன் அதிகாரியைப் பார்த்து, ஆங்கிலத்தில். "மகள் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள். நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பதினேழு தரம் கேட்கவில்லை."

ஷரன் என் கையைப் பிடித்து அழுத்தினாள். "அம்மா, ப்ளீஸ். அப்பிடிச் சொல்ல வேண்டாம்."

"அப்பிடித்தான் பிள்ளை நடந்தது."

வெளியே வந்து வாகனத் தரிப்பிடத்தில் நின்று அவள் விம்மி அழுதாள். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு என் முன்னால் அவள் அழுது நான் கண்டதில்லை. அன்று இரண்டு பேரும் மல்வேர்னுக்கு வந்து பாணும் சம்பலும் சாப்பிட்டோம். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வருகிறாள். தொலைபேசியைக் கைப்பையிலேயே விட்டுவிடுகிறாள்.

7

போத்தல்கள் எல்லாம் திரும்பி வந்தன. அவற்றை உடைத்து, உள்ளிருப்பதைப் பூனைக் கழிவுக்கு வைக்கும் மணலோடும் தண்ணீரோடும் குழைத்து அழிக்க வேண்டும் என்பது சட்டம். எங்களையே அதற்கு விட்டார்கள். யோகக்காவும் நானும் ஒரே வாளியில் கிண்டினோம். மற்றவர்கள் யார் அறிவித்தது என்று குசுகுசுத்தார்கள். யோகக்கா துடுப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீயோ?"

"ஓம் அக்கா."

துடுப்பைத் திரும்ப வாளிக்குள் விட்டார். வாளி நிரம்பும்வரை கிண்டினார். அடுத்த நாள் முந்திய பஸ்ஸில் போய்விட்டார். தை மாதம் இரண்டு வரிசையையும் மூடினார்கள். கெவின் போனார். நாங்களும் போனோம். யோகக்காவின் காப்பீடும் போனது.

உண்மை வெளியே வந்தால் பள்ளத்தாக்குக்காரர்களாவது பிழைப்பார்கள் என்று நினைத்தேன். அடுத்த அதிர்ச்சி மார்கரெட்டின் அழைப்பில் வந்தது. கடைக்காரர்கள் அந்தப் பெயரையே தொடப் பயப்படுகிறார்களாம். தீக்குத் தப்பிய இரண்டு மூன்று வயல்காரரின் உண்மையான போத்தல்களையும் கடைகள் திருப்பி அனுப்பிவிட்டனவாம். கள்ளச் சரக்கு நல்ல விலைக்குப் போனது, நல்ல சரக்கைச் சந்தேகப்படுகிறார்கள். "நீ செய்தது சரிதான்" என்றார். அவர் குரலில் களைப்பைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

இந்த வருடம் சங்கம் புது ஒழுங்கு ஒன்று வைத்திருக்கிறது. பள்ளத்தாக்குக்கு உள்ளேயே விளைந்து, உள்ளேயே பொதி செய்தால்தான் பெயர். மற்றப் பிரதேசத்துக்காரரும் அதையே கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். மெதுவாகக் கடைகள் திரும்ப வாங்குகின்றனவாம். நல்லது. ஆனால் அதன் அர்த்தம், அந்த வேலை இனி ஒருநாளும் ரொறன்ரோப் பக்கம் வராது. நான்தான் அதை அனுப்பி வைத்தேன்.

8

நான் இப்போது ஸ்காபுரோவில் ஒரு பாண் பேக்கரியில் பொதி செய்கிறேன். கடிதம் வந்து மூன்றாம் நாள், திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஏறியபோது, முன் இருக்கையில் யோகக்கா இருந்தார். பக்கத்தில் மட்டும்தான் இடம். நின்றுகொண்டு வரலாமா என்று யோசித்தேன். அவர் கைப்பையை எடுத்து மடியில் வைத்தார். இருந்தேன்.

மூன்று தரிப்பு போனது.

"அண்ணைக்கு எப்பிடி?" என்று அவருடைய கணவரைப் பற்றிக் கேட்டேன்.

"இருக்கிறார். மருந்துக்குக் கவுண்மேந்துப் போம் நிரப்பி, திருப்பி அனுப்பி, திருப்பி நிரப்பி, இப்ப வருது. நான் முதியோர் இல்லத்தில உடுப்புத் தோய்க்கிறன்."

"அக்கா, நான்..."

"நீ செய்தது பிழையெண்டு நான் சொல்லேல்லை." கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு முதல்ல சொல்லியிருக்கலாம். அண்டைக்குப் பஸ்ஸில கேட்டன்தானே."

"சொன்னா நீங்கள் மறிச்சிருப்பியள் அக்கா."

"ஓம், மறிச்சிருப்பன்." அவருடைய தரிப்பு வந்தது. எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "ஒரு நாள் முழுக்க உன்னைப் பேசி மறிச்சிருப்பன். மறிச்சுப்போட்டு, பிறகு உன்னோட வந்திருப்பன் பிள்ளை."

கதவு திறந்தது. பனியில் கால் வழுக்காமல் பார்த்துப் பார்த்து இறங்கிப் போனார்.

இந்த ஒரு வருடத்தில் நடந்ததை எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். அப்படியும் நடந்திருக்கலாம் என்று ஒருதரம்கூட யோசித்ததில்லை.